சிட்னியில் குடும்ப மருத்துவரும் மருத்துவமனையும் சேர்ந்து பார்க்கும் கர்ப்பகாலக் கவனிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு சிட்னியின் மகப்பேற்றுப் பிரிவுகளில் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்யும் எனக்கு, காத்திருக்கும் அறையிலும் கோயில் வாசலிலும் வந்துகொண்டிருப்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பணியில் இருக்கும்போது உரைபெயர்ப்பாளர் தன் பங்குக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே அந்த நேரங்களில் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்ட கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இங்கே இருப்பது ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய விளக்கம். உங்கள் உடல்நிலையைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரும் மருத்துவச்சியும்தான் சொல்ல வேண்டும். நான் எழுதுவது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தை வைத்து. மற்ற மாநிலங்களில் பெயர்களும் வாரக் கணக்கும் சற்று மாறும்.

ஷேர்டு கேர், ஷேர்டு கேர்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

கர்ப்பகாலப் பரிசோதனைகளில் ஒரு பகுதியை உங்கள் குடும்ப மருத்துவரும் (இங்கே எல்லோரும் ஜி.பி. என்கிறோம்) மறு பகுதியை நீங்கள் பிரசவத்துக்குப் பதிந்திருக்கும் அரசு மருத்துவமனையும் பார்ப்பதுதான் பகிர்ந்த கவனிப்பு. சிக்கல் இல்லாத கர்ப்பங்களுக்காக ஏற்பட்டது இது. வீட்டுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே உங்களைத் தெரிந்த மருத்துவரிடம் பெரும்பாலான சந்திப்புகள் நடக்கும். பதிவு, முக்கியமான சில சந்திப்புகள், பிரசவம் ஆகியவை மருத்துவமனையில் நடக்கும்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இது அவ்வளவு புதிதாக இருக்காது. அங்கும் ஊர்க் கிளினிக்கில் ஒரு பக்கமும், பெரியாஸ்பத்திரி நிபுணரிடம் ஒரு பக்கமுமாகப் பார்த்த பழக்கம் உண்டு. சென்னையிலோ கோவையிலோ முதல் மாதத்திலிருந்து பிரசவம் வரை ஒரே மகப்பேறு மருத்துவரிடம் போய் வந்தவர்களுக்குத்தான், தம்மை யாருமே முழுதாகப் பொறுப்பெடுக்கவில்லையோ என்ற கலக்கம் முதலில் வருகிறது.

என் ஜி.பி. தமிழ் டாக்டர்தான், ரொம்ப வருஷமா பார்க்கிறார். அவரே பார்க்கலாமா?

அந்த மருத்துவமனையின் பகிர்ந்த கவனிப்புத் திட்டத்தில் அவர் பதிவு பெற்றவராக இருந்தால் பார்க்கலாம். இதற்காகத் தனிப் பயிற்சி பெற்று, அதைத் தொடர்ந்து புதுப்பித்து வரும் ஜி.பி.களுக்கே அனுமதி. அவர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் முதல் இரத்தப் பரிசோதனைகளை எழுதித் தந்து, மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பலாம். அதற்குப் பிறகான சந்திப்புகளுக்கு மட்டும் நீங்கள் பதிவு பெற்ற வேறொருவரைத் தேட வேண்டும். அதே கிளினிக்கில் இன்னொரு அறையிலேயே அப்படி ஒருவர் இருப்பதும் உண்டு.

கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து, “இந்த மருத்துவமனைக்கு ஷேர்டு கேர் செய்யும் டாக்டர் யார் இருக்கிறார்?” என்று மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “கர்ப்பம் பார்ப்பீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் எல்லாக் கிளினிக்கும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

எந்த ஆஸ்பத்திரி எண்டு நாங்களே தெரிவு செய்யலாமோ?

பெரும்பாலும் இல்லை. அரசு மகப்பேற்றுப் பிரிவுகள் வீட்டு முகவரியை வைத்துத்தான் ஏற்கின்றன. டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் இருப்பவரும் பிளாக்டவுன் பக்கம் இருப்பவரும் பக்கத்துப் பக்கத்துப் புறநகர்க்காரராக இருந்தாலும் வெவ்வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படலாம். கர்ப்பம் உறுதியானதும், முதல் சில வாரங்களுக்குள்ளேயே பதிவு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது. 12 வாரம் தாண்டட்டும், பிறகு எல்லோருக்கும் சொல்லலாம் என்ற நம் பழக்கம் உறவினருக்குப் பொருந்தட்டும், மருத்துவமனைக்கு வேண்டாம்.

எந்த வாரம் யார்கிட்ட போகணும்? யாருமே முழு லிஸ்ட் தரலை.

முதல் கர்ப்பம் சிக்கலில்லாமல் போனால் மொத்தம் 10 சந்திப்புகள், அடுத்த கர்ப்பங்களுக்கு 7 என்பதுதான் ஆஸ்திரேலிய வழிகாட்டுதல். அதற்குள் பொதுவான வரிசை இப்படிப் போகும். 6 முதல் 10 வாரத்துக்குள் ஜி.பி.யிடம் முதல் சந்திப்பு: இரத்த வகை, இரத்தசோகை, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி, ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிஃபிலிஸ், சிறுநீர் ஆகிய பரிசோதனைகளும் தேதி நிர்ணயிக்கும் ஸ்கேனும். 10 முதல் 14 வாரத்துக்குள், நீங்கள் விரும்பினால், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கான கண்டறிதல். 12 முதல் 16 வாரத்துக்குள் மருத்துவமனையில் மருத்துவச்சியுடன் நீண்ட பதிவுச் சந்திப்பு. 18 முதல் 20 வாரத்தில் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்.

அதிலிருந்து 34 வாரம் வரை பெரும்பாலான சந்திப்புகள் ஜி.பி.யிடம்தான்: இரத்த அழுத்தம், நாடாவால் வயிற்று அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு, அசைவு பற்றிய கேள்வி. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. 28-இல் மறுபடி இரத்தசோகைப் பரிசோதனை. 36-ஐ ஒட்டி மருத்துவமனைச் சந்திப்பு. குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, பிரசவம் எப்படி நடக்க வேண்டும் என்ற பேச்செல்லாம் அங்கே. 38-இல் பெரும்பாலும் ஜி.பி., 40 ஆனதும் மருத்துவமனை. 41 வாரத்தை நெருங்கினால் வலி வரவழைப்பது பற்றிப் பேசுவார்கள்.

பதிவுச் சந்திப்பின் முடிவில், எழுந்து வருவதற்கு முன், “அடுத்து நான் யாரிடம், எந்த வாரம்?” என்று கேட்டு, உங்களிடம் தரும் மஞ்சள் கர்ப்பகால அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை தன் சந்திப்புகளுக்குத்தான் குறுஞ்செய்தி அனுப்பும். ஜி.பி.யிடம் போக வேண்டிய நாளை உங்களுக்கு யாரும் நினைவூட்டமாட்டார்கள். அந்தச் சந்திப்பை நீங்களேதான் பதிய வேண்டும். இரண்டு மாதம் யாரையும் பார்க்காமல் இருந்துவிட்டு, “அவர்கள் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன்” என்று சொன்னவர்களுக்கு நான் உரைபெயர்த்திருக்கிறேன்.

அந்த மஞ்சள் அட்டை எதுக்கு? எல்லாம் கம்ப்யூட்டர்லதானே இருக்கு?

கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் இல்லை. மருத்துவமனையின் கணினியை ஜி.பி.யும், ஜி.பி.யின் கணினியை மருத்துவமனையும் நேரடியாகத் திறந்து பார்க்க முடியாது. இரண்டு பேரும் நம்பிப் பார்க்கக்கூடிய இடம், நீங்கள் கைப்பையில் கொண்டுபோகும் அந்த அட்டை. அதனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் கொண்டுபோங்கள், ஜி.பி. எழுத மறந்தால், தயங்காமல் அட்டையை அவர் மேசைமேல் வையுங்கள். தேதி, வாரம், இரத்த அழுத்தம், வயிற்று அளவு, குழந்தையின் துடிப்பு என்று ஒரு சந்திப்புக்கு ஒரு வரிதான். ஆனால் நடுராத்திரியில் பிரசவப் பிரிவுக்குப் போகும்போது, உங்கள் வழக்கமான இரத்த அழுத்தம் எவ்வளவு என்று அங்கிருப்பவருக்குச் சொல்லப்போவது அந்த வரிதான்.

20 வாரத்துக்குப் பிறகு வீட்டை விட்டுத் தூரமாக எங்கே போனாலும் அட்டை கூடவே இருக்கட்டும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் புது அட்டை தருவார்கள், பழைய வரிகளைத் தரமுடியாது. விக்டோரியாவில் இதற்கு இணையாக ஒரு மகப்பேற்றுப் பதிவேடு உண்டு. வேலை ஒன்றுதான்.

செலவு எவ்வளவு ஆகும்?

மெடிகேர் (ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனையின் சந்திப்புகளும் பிரசவமும் இலவசம். ஜி.பி. பல்க் பில் செய்தால் (கட்டணத்தை உங்களிடம் வாங்காமல் நேரே மெடிகேரிடம் பெற்றுக்கொண்டால்) அங்கும் இலவசம்; செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் கைக்காசு கொஞ்சம் போகும். முதல் சந்திப்பிலேயே, “கர்ப்பச் சந்திப்புகளை எல்லாம் பல்க் பில் செய்வீர்களா?” என்று கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே தனியார் நிலையத்தில் எடுக்கும் ஸ்கேன்களுக்கு மேலதிகக் கட்டணம் இருக்கலாம். தாயின் இரத்தத்திலிருந்து குழந்தையின் குரோமோசோம்களைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனைக்கு மெடிகேர் பணம் தருவதில்லை. சில நூறு டாலர் ஆகும். ஆனால் கணவன் மனைவி சுமந்திருக்கக்கூடிய மூன்று பரம்பரை நோய்களுக்கான (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு, ஃப்ரஜைல் எக்ஸ்) பரிசோதனைக்கு 2023 நவம்பரிலிருந்து மெடிகேர் உண்டு. இது பலருக்குத் தெரியவில்லை, ஜி.பி.யைக் கேளுங்கள்.

மெடிகேர் இல்லாத மாணவர், தற்காலிக வேலை விசாவில் உள்ளவர் ஆகியோர் தங்கள் காப்பீட்டை முதலில் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு 12 மாதக் காத்திருப்புக் காலம் வைக்கும் திட்டங்கள் பல. அதற்குள் கருவுற்றால் மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் கையிலிருந்து போகும். புகலிடக் கோரிக்கையாளர்களுக்குக் கட்டண விலக்குக்கான வழிகள் உண்டு; பில் வந்து பயந்து சந்திப்பை நிறுத்திவிடாமல் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்க்கக் கேளுங்கள்.

பிரசவம் பார்க்கிறது என் ஜி.பி.யா, ஆஸ்பத்திரி டாக்டரா?

பெரும்பாலும் இரண்டு பேரும் இல்லை. சிக்கலில்லாத சுகப்பிரசவத்தைப் பார்ப்பவர் அன்றைக்குப் பணியில் இருக்கும் மருத்துவச்சி. தேவைப்பட்டால்தான் மகப்பேறு மருத்துவர் வருவார். அவர் நீங்கள் அதுவரை பார்த்திராத முகமாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கர்ப்பம் முழுவதும் ஒரே மருத்துவச்சி வேண்டும் என்றால் மருத்துவச்சிக் குழு முறை என்று ஒன்று இருக்கிறது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தெரிந்த மருத்துவரே பிரசவம் பார்க்க வேண்டும் என்றால் தனியார் மகப்பேறு மருத்துவர்தான் வழி, அதற்குரிய செலவோடு.

ஊர்ல மாசாமாசம் ஸ்கேன் எடுத்தாங்க, சத்து மாத்திரை பை நிறைய கொடுத்தாங்க. இங்க ரெண்டு ஸ்கேனோட நிறுத்திட்டாங்களே, கவனிக்கிறாங்களா இல்லையா?

சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு 20 வார ஸ்கேனுக்குப் பிறகு வழக்கமாக வேறு ஸ்கேன் கிடையாது. வளர்ச்சியைக் கையாலும் நாடாவாலும் பார்க்கிறார்கள். 24 வாரத்துக்குப் பிறகு அந்த அளவு எதிர்பார்த்ததை விடக் குறைந்தாலோ கூடினாலோ ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். நஞ்சுக்கொடி கீழே இருந்தது என்று 20 வாரத்தில் எழுதியிருந்தால் பின்னால் மறுபடி பார்ப்பார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லும்போது, ஸ்கேன் எடுக்கவில்லை என்று சொல்லாமல் நாடாவால் அளந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள், பாதிக் கவலை குறையும்.

மாத்திரையும் அப்படித்தான். முதல் 12 வாரம் ஃபோலிக் அமிலமும், கர்ப்பம் முழுவதும் நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடினும் பொதுவாக எல்லோருக்கும். இரும்புச் சத்து மாத்திரை இரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால். சைவ உணவுக்காரர்கள் பி12 பரிசோதனையையும், நம் நிறத்துக்காரர் எல்லோரும் வைட்டமின் டி பரிசோதனையையும் கேட்டு வாங்கலாம். இந்த இரண்டும் நம்மவரிடையே அடிக்கடி குறைவாக இருக்கின்றன.

ஆணா பொண்ணான்னு கேட்கலாமா?

கேட்கலாம். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இங்கே அப்படித் தடை இல்லை. வேண்டாம் என்றால் ஸ்கேன் தொடங்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட் எடுத்து மூணு வாரம் ஆச்சு, யாரும் கூப்பிடலை. அப்ப எல்லாம் நார்மல்தானே?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஏற்பாட்டில் இடறக்கூடிய இடம் என்று நான் காண்பது இதைத்தான். பொது விதி எளிது: எந்த மருத்துவர் சீட்டு எழுதினாரோ, அந்த முடிவைப் பார்த்து நடவடிக்கை எடுப்பது அவர் பொறுப்பு. ஜி.பி. எழுதிய சீட்டின் முடிவு ஜி.பி.க்குப் போகும், மருத்துவமனை எழுதியது மருத்துவமனைக்குப் போகும். ஒருவருடைய முடிவு மற்றவருக்குத் தானாகப் போவதில்லை.

பரிசோதனைச் சீட்டில் முடிவின் நகல் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. சீட்டை வாங்கும்போதே, மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டென்றால் ஜி.பி.யின் பெயரை எழுதச் சொல்லுங்கள். இரத்தம் எடுக்கும் இடத்தில் முகப்பில் இருப்பவர் அதைக் கணினியில் ஏற்றினாரா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். அடுத்த சந்திப்பில், “போன முறை எடுத்த பரிசோதனையின் முடிவு வந்ததா, அட்டையில் எழுதியாயிற்றா?” என்ற ஒரே கேள்வியோடு தொடங்குங்கள். ஜி.பி., “மருத்துவமனை பார்த்திருப்பார்கள்” என்றாலும், மருத்துவச்சி, “உங்கள் ஜி.பி. பார்த்திருப்பார்” என்றாலும், யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அங்கேயே திறந்து பார்க்கச் சொல்வதுதான் பாதுகாப்பு. இதைக் குறை சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலும் நன்றி சொல்லித்தான் பார்க்கிறார்கள்.

என்ர சிநேகிதிக்கு 28 கிழமையிலதான் சீனி டெஸ்ட். எனக்கு ஏன் முதலே எடுக்கச் சொல்லினம்? அவருக்கும் இரத்தம் எடுக்க வேணுமாம்.

தெற்காசியப் பின்னணியே கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ஓர் ஆபத்துக் காரணியாகக் கணக்கிடப்படுகிறது. பெற்றோருக்குச் சர்க்கரை, முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை, உடல் எடை, வயது ஆகியவையும் சேர்ந்தால் தொடக்கத்திலேயே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவார்கள். அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, வெறும் வயிற்றில் ஒன்று, 1 மணி நேரம் கழித்து ஒன்று, 2 மணி நேரம் கழித்து ஒன்று என்று மூன்று முறை இரத்தம் கொடுக்கும் பரிசோதனை உண்டு. இடையில் எழுந்து நடமாடக் கூடாது. காலை முதல் நேரத்தையே பதிந்துகொள்ளுங்கள். பதியாமல் போனால் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள்.

கணவருக்கு இரத்தம் எடுப்பது தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டுக்காக. உங்கள் பரிசோதனையில் அதற்கான சாயல் தெரிந்தால் அவருடையதையும் பார்க்க வேண்டும். இருவரும் அந்தக் கூறைச் சுமந்தால்தான் குழந்தைக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு உண்டு. இதில் நாள் கடத்தக் கூடாது. “எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஏன்?” என்று கணவர்மார் தள்ளிப்போடுவது நான் அடிக்கடி கேட்கும் வசனம்.

சீனி வந்திட்டுது எண்டு சொல்லிப்போட்டினம். இனி ஜி.பி.யிட்ட போக ஏலாதோ?

மருத்துவமனைக்கு மருத்துவமனை இது வேறுபடும். உணவாலும் நடையாலும் கட்டுக்குள் இருந்தால் சில இடங்களில் ஜி.பி. சந்திப்புகள் தொடரும், மருத்துவமனைச் சந்திப்புகள் கூடும். இன்சுலின் தேவைப்பட்டால் பொதுவாக மருத்துவமனையின் நீரிழிவுக் கிளினிக்கே முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தேசிய நீரிழிவு சேவைத் திட்டத்தில் பதிந்தால் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். உணவு ஆலோசகரிடம், இடியப்பம், இட்லி, புட்டு, சோறு என்று நீங்கள் உண்மையில் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பாண் (பிரெட்) என்று சொல்லி வைத்தால் பாணுக்குத்தான் அளவு கிடைக்கும்.

அக்காவுக்கு இதே எண் இருந்தபோது சர்க்கரை என்றார்கள், எனக்கு இல்லை என்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: 2025-இல் இங்குள்ள கர்ப்பகால நீரிழிவு நிபுணர் சங்கம் எல்லைகளை உயர்த்தியது. இங்கே சர்க்கரையை அளக்கும் மில்லிமோல்/லிட்டர் கணக்கில், வெறும் வயிற்றில் 5.1 என்பது 5.3 ஆகவும், 1 மணி நேரத்தில் 10.0 என்பது 10.6 ஆகவும், 2 மணி நேரத்தில் 8.5 என்பது 9.0 ஆகவும் மாறின.

முதல் குழந்தை சிசேரியன். எனக்கு ஷேர்டு கேர் கிடைக்குமா?

பல மருத்துவமனைகளில் கிடைக்கும், ஆனால் அடுத்த பிரசவம் எந்த வழி என்று பேச மகப்பேறு மருத்துவரைக் கூடுதலாகச் சந்திக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே நீரிழிவு, கர்ப்பத்துக்கு முன்பே உயர் இரத்த அழுத்தம், இதய நோய், இரட்டைக் குழந்தை, முன்பு குறைப்பிரசவமோ வயிற்றிலேயே குழந்தை இழந்த துயரமோ இருந்தால் பொதுவாக மருத்துவமனையே பார்க்கும். நடுவில் சிக்கல் வந்தாலும் அப்படியே மாற்றிவிடுவார்கள். நீங்களாக விரும்பியும் மாறிக்கொள்ளலாம். ஒரு தடவை ஒப்புக்கொண்டால் கடைசி வரை கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று இல்லை.

எனக்கு பிளட் குரூப் நெகட்டிவ். ஊசி யார் போடுவாங்க?

பொதுவாக 28, 34 வாரங்களில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்புப் பொருள் உண்டாக்காமல் தடுப்பது) போடப்படும். சில மருத்துவமனைகள் தாங்களே போடும், சில ஜி.பி.யைப் போடச் சொல்லும். ஜி.பி. போடுவதானால் மருந்தை முன்கூட்டியே வரவழைக்க வேண்டும் என்பதால் 24 வாரத்திலேயே யார் என்று முடிவு செய்து அட்டையில் எழுதி வாங்குங்கள். இடையில் இரத்தப்போக்கோ வயிற்றில் அடியோ பட்டால் அந்த வாரங்களுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

தடுப்பூசியெல்லாம் ஆஸ்பத்திரியிலா, ஜி.பி.யிடமா?

பெரும்பாலும் ஜி.பி.யிடம். கக்குவான் தடுப்பூசி ஒவ்வொரு கர்ப்பத்திலும் 20 முதல் 32 வாரத்துக்குள். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி எந்த வாரத்திலும். குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கான அப்ரிஸ்வோ 2025 பிப்ரவரியிலிருந்து 28 முதல் 36 வாரத்தில் இலவசம். போட்டதும் அட்டையில் தேதி எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் மருத்துவமனை மறுபடி கேட்டுக்கொண்டேயிருக்கும். பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாவும் மாமியாரும் கக்குவான் ஊசியைக் குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்வது நல்லது. அது அவர்களுக்கு இலவசம் இல்லை.

புக்கிங் அன்னைக்கு என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொல்லிட்டாங்க. அவர் மேல ஏதாவது சந்தேகமா?

இல்லை. வீட்டில் பயமோ அடியோ அச்சுறுத்தலோ இருக்கிறதா என்ற கேள்விகளை நியூ சவுத் வேல்ஸ் மருத்துவமனைகள் கர்ப்பிணிகள் எல்லோரிடமும் தனிமையில் கேட்கின்றன. மனச்சோர்வைக் கண்டறியும் 10 கேள்விகளும் உண்டு. உங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டதாக எண்ண வேண்டாம். அந்த அறையில் சொல்வது கணவருக்கோ மாமியாருக்கோ போகாது.

அதனால்தான் கணவரோ நாத்தனாரோ உரைபெயர்க்கக் கூடாது என்கிறார்கள். உரைபெயர்ப்பாளர் இலவசம். மருத்துவமனையில் சந்திப்புப் பதியும்போதே தமிழ் என்று சொல்லுங்கள். ஜி.பி.யிடமும் 131 450 என்ற தேசிய உரைபெயர்ப்புச் சேவை எண் வழியாகத் தொலைபேசியில் ஒருவரைச் சேர்க்கலாம். பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். சமூகம் சின்னது, தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று பயந்தால், தொலைபேசி உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெயர் சொல்லாமலே பேச வழி செய்வார்கள்.

ராத்திரி ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடறது? நாளைக்கு ஜி.பி. அப்பாயின்ட்மென்ட் இருக்கே, அதுவரைக்கும் பொறுக்கலாமா?

குழந்தையின் அசைவு வழக்கத்தை விடக் குறைந்தாலோ மாறினாலோ பொறுக்கக் கூடாது. குளிர்ந்த ஜூஸ் குடித்துப் பார், இனிப்புச் சாப்பிட்டுப் படுத்துப் பார் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கெல்லாம் நேரம் கொடுக்காமல் உடனே மருத்துவமனையின் பிரசவப் பிரிவை அழையுங்கள். எண் மஞ்சள் அட்டையிலேயே இருக்கும். இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலி ஆகிய எல்லாவற்றுக்கும் அதே எண்தான். 20 வாரத்துக்கு முன்பென்றால் பொதுவாக அவசரப் பிரிவுக்கு அனுப்புவார்கள். உயிருக்கு ஆபத்தாகத் தோன்றினால் 000.

ஜி.பி.யைத் தாண்டிப் போனால் அவர் வருத்தப்படுவாரோ என்ற தயக்கம் நம்மவரிடம் இருக்கிறது. இந்த அறிகுறிகளோடு நீங்கள் கிளினிக்குக்குப் போனாலும் அவர் உங்களை அதே மருத்துவமனைக்குத்தான் அனுப்பப்போகிறார்.

வளைகாப்புக்கு ஏழாம் மாசம் ஊருக்குப் போகலாமா?

ஜி.பி.யிடமும் மருத்துவமனையிடமும் இருவரிடமுமே சொல்லுங்கள். பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குப் பிறகு நீண்ட பயணத்துக்கு ஏற்றுவதில்லை. ஏழாம் மாதம் என்பது சர்க்கரைப் பரிசோதனை, ஆன்டி-டி, தடுப்பூசிகள் எல்லாம் குவியும் காலம். எதை முடித்துவிட்டுப் போவது, எதை வந்து செய்வது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் எடுக்கும் பரிசோதனைகளின் அசல் தாளைக் கொண்டுவாருங்கள். கைபேசியில் வந்த பாதிப் படத்தை இங்கே ஏற்க மாட்டார்கள், மறுபடி இரத்தம் எடுப்பார்கள்.

ஜி.பி. ஒரு தேதி சொல்றார், ஆஸ்பத்திரி இன்னொரு தேதி சொல்றாங்க. யாரை நம்பறது?

தேதி விஷயத்தில் பொதுவாகத் தொடக்க கால ஸ்கேன்தான் தீர்மானிக்கும். அதன்படி ஒருமுறை நிர்ணயித்த தேதியைப் பிந்தைய ஸ்கேன்களைப் பார்த்து மாற்றுவதில்லை. 20 வார ஸ்கேன் தாளில் வேறு தேதி அச்சாகியிருந்தால், அது அன்றைய குழந்தையின் அளவைச் சொல்கிறது. அட்டையில் எந்தத் தேதி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இருந்தால் மருத்துவச்சியிடம் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். வலி வரவழைக்கும் நாள் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

மருந்து, உணவு, சிகிச்சை போன்றவற்றில் முரண் வந்தால் நீங்களே நடுவராக இருக்க வேண்டாம். “மருத்துவமனை இப்படிச் சொன்னது, நீங்கள் அவர்களோடு பேச முடியுமா?” என்று ஜி.பி.யிடம் கேளுங்கள். பகிர்ந்த கவனிப்புத் திட்டங்களில் ஜி.பி.கள் அழைத்துப் பேசுவதற்கென்றே மருத்துவமனையில் ஒரு மருத்துவச்சி அல்லது ஒருங்கிணைப்பாளர் இருப்பார்.

குழந்தை பிறந்தாச்சு. இனிமே யாரிடம்?

சுகப்பிரசவமென்றால் ஓரிரு நாளிலும், சிசேரியனென்றால் இன்னும் சற்றுத் தாமதமாகவும் வீட்டுக்கு அனுப்புவார்கள். முதல் நாட்களில் மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதன் பிறகு சமூகக் குழந்தைநலத் தாதி. அதோடு மருத்துவமனையின் பங்கு முடிந்து முழுவதும் ஜி.பி. கைக்கு வருகிறது. 6 வாரத்தில் தாய்க்கும் சேய்க்கும் பரிசோதனையும், குழந்தைக்கு முதல் சுற்றுத் தடுப்பூசியும் அவரிடம்தான். மருத்துவமனை தரும் விடுவிப்புக் கடிதத்தின் ஒரு நகலை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்கு வந்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஊரில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. இங்கே எல்லோருக்கும் போடுவதில்லை. குழந்தையோடு ஊருக்குப் போய்த் தங்கும் எண்ணம் இருந்தால் சில மாதம் முன்பே கேளுங்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் பரிசோதனை மறுபடி உண்டு. சீட்டு எழுத வேண்டியவர் ஜி.பி. கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசிக்குப் போகும் அன்றே சீட்டை எழுதி வாங்கி, பால் கொடுக்க ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் அழைத்துக்கொண்டு, காலை முதல் நேரத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.